மரத்துக்குப் பஞ்சாங்கம் தெரியாதுங்க

மினசோட்டாவுல ஒரு வீடு வாங்கியாச்சு. கீழ கார்பெட்டைப் பிடுங்கிட்டு மரத்தரை போடணும்ங்கறது தங்கமணியோட நெடுநாள் ஆசை. அதுவும் சாதா பலகை இல்லீங்க, 7 இன்ச் அகல சாலிட் வொயிட் ஓக்!

கடைக்குப் போனோம். "பலகை 3 நாள் வீட்டுல கிடக்கட்டும், 4-ஆம் நாள் ஆணி அடிச்சிடலாம்"னார் அங்க இருந்தவர். அடித்தரையோட ஈரத்தை அளந்து பாப்பீங்களான்னு கேட்டேன். சிரிச்சார். எனக்கு வந்துச்சே கோபம்!

மக்களே, மரம் வெட்டின பிறகும் ஈரத்தைக் குடிக்கும், கக்கும். நீளவாக்குல பெரிசா ஒண்ணும் ஆகாது, அகலத்துலதான் அத்தனை ஆட்டமும். சாதாரணமா அறுத்த வொயிட் ஓக்குல ஈரப்பதம் 1 சதவீதம் மாறினா, ஒவ்வொரு இன்ச் அகலத்துக்கும் சுமார் 0.0037 இன்ச் மாறும். ஆகஸ்ட் புழுக்கத்துல 10 சதவீதத்துல இருக்கற பலகை, ஜனவரி ஹீட்டர்ல 6-க்கு இறங்குதுன்னு வைங்க. பழைய வீடுகள்ல இருக்கற 2¼ இன்ச் பலகை 1 மில்லிமீட்டர்கூட சுருங்காது. நம்ம 7 இன்ச் பலகை? கணக்குப்படி 2.6 மில்லிமீட்டர்! இடுக்குல 5 சென்ட் காசை நிக்க வைக்கலாம். காஞ்ச பலகையை ஈரமான அடித்தரை மேல அடிச்சாலோ, ஓரம் தூக்கிக் கிண்ணம் மாதிரி வளையும்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. அமெரிக்காவோட தேசிய மரத்தரை சங்கமே சொல்லுது: 3 இன்ச்சும் அதுக்கு மேலயும் அகலம்னா, பலகைக்கும் அடித்தரைக்கும் ஈர வித்தியாசம் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. குறுகலான பலகைக்கு 4 வரை பரவாயில்லை. அப்ப பார்க்க வேண்டியது காலண்டரையா, மீட்டரையா?

கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்? சதுர அடிக்கு அரை டாலர் குறைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பேரம் பேசற நாம, ஈரமானி ஒண்ணு வாங்கக் கணக்கு பார்க்கறோம். ஊர்ல கதவுக்கு அறுத்த மரத்தை மாசக்கணக்கா காயப் போட்டதைப் பார்த்து வளர்ந்தவங்கதானே நாம? இங்க வந்ததும் எல்லாம் மறந்துபோச்சு.

உண்மையைச் சொல்லிடறேன். அவசரம் எங்க வீட்டுலயும்தான். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சு, மாமனார் டிக்கெட்டும் போட்டாச்சு. "மாப்பிள்ளை, நல்ல நாளைத் தள்ளக் கூடாது"ன்னார் போன்ல. "நாளைத் தள்ளலை மாமா, தரையைத்தான் தள்ளறேன். பால் காய்ச்சறதை கார்பெட் மேலயே காய்ச்சிக்கலாம்"னேன். தங்கமணி ரெண்டு நாளா பேசலை.

ஆனா முடிவு முடிவுதான். 7 இல்லை, 5 இன்ச். அதுவும் குவார்ட்டர் சான், ஆட்டம் ஏறக்குறைய பாதிதான். ஆணியோட பசையும் உண்டு. சுவரோரம் முக்கால் இன்ச் இடைவெளி. காத்துல ஈரப்பதம் 30-லேர்ந்து 50-க்குள்ள நிக்க ஹ்யூமிடிஃபயர். மீட்டர் சரின்னு சொல்ற வரைக்கும் ஒரு ஆணிகூட இறங்காது.

கோபம் ரெண்டு நாள்ல போயிடும். இடுக்கு வருஷா வருஷம் வரும்ங்க!