கொஞ்சம் குனிந்து பாருங்கள்



கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். பன்னீர் திராட்சைப் பந்தலின் அழகு அப்படி. 2023-ல் இந்தத் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்த மாதம் உங்களைக் குனிந்து பார்க்க அழைக்கிறேன். கவாத்து முடிந்து வெயில் விழுகிற பந்தலடியில், வரப்போரத்தில், தென்னம்பாத்தியில், சிவந்த தண்டும் சதைப்பற்றான சிற்றிலையுமாகத் தரையோடு படர்ந்து கிடக்கிறதே பருப்புக்கீரை, அதைப் பார்க்கத்தான். களை என்று பிடுங்கி வீசுகிறோம். விழுந்த இடத்திலேயே அது வேர்விடுகிறது.

அந்த உயிர்ப்புக்குக் காரணம் உண்டு. சோளமும் கரும்பும் கடும் வெயிலிலும் மளமளவென வளர ஒரு வழி வைத்திருக்கின்றன. கள்ளி பகலில் தன் நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கிறது. பருப்புக்கீரைக்கு இரண்டு வித்தையும் தெரியும். இரண்டும் அதன் ஒரே செல்லுக்குள் இணைந்து நடப்பதை 2022-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். முல்லைப் பெரியாறு பாயும் கூடலூரிலும், மழைமறைவான ஆண்டிபட்டி மானாவாரியிலும் அது தழைப்பது இதனால்தான். இரவில் வாங்கிய வாயு அமிலமாகத் தங்குவதால், வறட்சியான நாளில் விடிகாலையில் பறித்த கீரை புளிக்கும். சாயங்காலம் பறித்தால் புளிப்பு குறைவு. வேண்டியபடி பறித்துக்கொள்ளலாம்!

வீட்டில் வளர்க்க அகலமான தொட்டி போதும். கறுப்பு விதை கடுகைவிடப் பொடிசு. மணலோடு கலந்து தூவி, மேலே மண் மூடாமல், பூவாளியால் நனையுங்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும். தண்ணீர் தேங்கவே கூடாது, தண்டு அழுகிவிடும். மஞ்சள் பூ வருவதற்குமுன் அடியில் இரண்டு விரல் விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும். பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் போட்டுக் கடைந்தால் புளியே தேவையில்லை. ஒமேகா-3 வகைக் கொழுப்பு மற்ற கீரைகளைவிட இதில் அதிகம்.

மூன்று விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். மருந்தடித்த தோட்டத்தில், களைக்கொல்லி பட்ட வரப்பில் ஒரு இலைகூடக் கிள்ளாதீர்கள். கூடவே படரும் சித்திரப்பாலாடை பார்வைக்கு இதுபோலவே இருக்கும். அதன் தண்டை ஒடித்தால் பால் வடியும். பருப்புக்கீரையில் பால் வராது. ஆக்சாலிக் அமிலம் உள்ள கீரை என்பதால், சிறுநீரகக் கல் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

திராட்சைக்கு விலை கேட்க ஆள் வருகிறார்கள். இந்தக் கீரையின் பக்குவமோ, காட்டு வேலைக்குப் போய் மடியில் பறித்து வந்த நம் அப்பத்தாமார்களோடு போய்விடுமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. உங்கள் வீட்டில் எப்படிச் சமைப்பார்கள்? கேட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் உங்கள் சமையல் குறிப்புகளுக்கென்றே இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்