அந்தப் பெண் ஏன் வேலையை விட வேண்டும்?

கணவன், மனைவி இருவருமே அமெரிக்கப் படையில். அவனுக்கு டெக்சாஸ், அவளுக்குத் தென் கொரியா என்று ஆர்டர் வந்துவிட்டது. இந்தச் செய்தி நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தால் முதலில் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். "அந்தப் பொண்ணு எப்ப வேலையை விடப் போறா?" பையன் எப்போது விடுவான் என்று எந்த அத்தையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நம்மவர்கள் யார் அங்கே போகிறார்கள் என்று சிரிக்காதீர்கள். விசாவில் இருப்பவர்களையும் மொழித் திறமைக்காகச் சேர்த்துக்கொள்ள 2009-ல் தொடங்கிய 'மேவ்னி' திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. இப்போது அந்தத் திட்டம் இல்லை. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் படிப்புச் செலவுக்காகவும், மருத்துவப் பயிற்சிக்காகவும், சிலர் வெறும் ஆசைக்காகவும் சேர்கிறார்கள். சேர்ந்த இடத்தில் காதலிக்கிறார்கள். இருபத்து மூன்று வயதில் வேறென்ன செய்வார்கள்?

அத்தையை விடுங்கள். என் கோபம் விதி மேலே.

விதி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. தரைப்படையில் அதற்குப் பெயர் 'மேரீட் ஆர்மி கப்பிள்ஸ் புரோகிராம்'. இருவரும் தரைப்படை என்றால் விண்ணப்பித்துப் பதிந்துகொள்ளலாம். அதன்பிறகு ஒருவருக்கு இடமாற்றம் வரும்போது மற்றவருக்கும் அதே பகுதியில் இடம் உண்டா என்று பார்ப்பார்கள். விமானப்படையில் 'ஜாயின் ஸ்பௌஸ்' என்பார்கள். இருவரும் தங்கள் பதிவில் சேர்ந்து இருக்க விருப்பமா என்பதைக் காட்டும் குறியீட்டைப் போட வேண்டும், இரண்டும் பொருந்த வேண்டும். கடற்படையிலும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு, ஆனால் ஒரே கப்பலில் இருவரையும் போட மாட்டார்கள். எல்லா விதியிலும் ஒரு வால் ஒட்டியிருக்கும்: 'படையின் தேவைக்கு உட்பட்டு'. அதாவது பரிசீலிப்போம், உறுதி கிடையாது.

இப்போது ஒருவர் தரைப்படை, இன்னொருவர் விமானப்படை என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைப்படையின் அந்தத் திட்டத்தில் பதியவே முடியாது. இருவரும் தனித்தனியாகத் தங்கள் படைக்கு எழுதிக் கேட்க வேண்டும். தரைப்படையின் மனிதவள அலுவலகம் கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸ். விமானப்படைக்கு டெக்சாஸில் சான் அன்டோனியோ. கடற்படைக்கு டென்னசியில் மில்லிங்டன். மூன்று ஊர், மூன்று கம்ப்யூட்டர் சிஸ்டம். நடுவே ஓடித் திரிய வேண்டியது அந்த ஜோடி.

நான் பிழைப்புக்கு டேட்டாபேஸ்களோடு மல்லுக்கட்டுகிறவன். 'சிஸ்டங்கள் பேசிக்கொள்ளாது' என்ற சாக்கை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். பல இடங்களில் அது உண்மைதான். இங்கே இல்லை. எல்லாப் படைகளுக்கும் பொதுவாக 'டீர்ஸ்' என்று ஒரு பதிவேடு இருக்கிறது. அடையாள அட்டை, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதை வைத்துத்தான். யாருக்கு யார் துணை, யாருக்கு எத்தனை பிள்ளை என்பது அதில் உண்டு. பணம் என்று வந்தால் நினைவாற்றல் இன்னும் கூர்மை. இருவரும் படையில் இருந்து, ஒரே வீட்டில் வாழ்ந்து, குழந்தையும் இருந்தால், குடும்பத்தினருக்கான கூடுதல் வீட்டுப்படி ஒருவருக்குத்தான், மற்றவருக்குத் தனியாளுக்கான படி. விதி தெளிவு, சந்தேகமே இல்லை. படியைக் கணக்குப் போடும்போது நீங்கள் தம்பதி. ஊரை ஒதுக்கும்போது, நீங்களாகக் கை தூக்கி, படிவம் நிரப்பி, நினைவூட்டினால்தான் தம்பதி. இதை நான் தொழில்நுட்பக் கோளாறு என்று ஏற்க மாட்டேன். யார் தலையில் சுமையை வைப்பது என்று எடுத்த முடிவு இது.

எல்லாவற்றையும் படிவத்தால் தீர்க்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். விமானப்படையில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் நிற்கும் தளங்கள் மூன்றே மூன்று: மொன்டானாவில் மால்ம்ஸ்ட்ரோம், வட டகோட்டாவில் மைனோட், வயோமிங்கில் எஃப்.இ. வாரன். எஃப்-22 போர் விமானப் படையணிகள் நிற்பது வர்ஜீனியாவின் லாங்லி, அலாஸ்காவின் எல்மென்டார்ஃப், ஹவாயின் ஹிக்கம் போன்ற தளங்களில். அவள் ஏவுகணைக் குழுவில், அவன் எஃப்-22 மெக்கானிக் என்றால் இரண்டு பட்டியலுக்கும் பொதுவாக ஒரு ஊர்கூட இல்லை. எவ்வளவு நல்ல அதிகாரி வந்தாலும் சேர்த்துவைக்க இடம் வேண்டுமே. அதுவே நர்ஸ், சப்ளை, கம்ப்யூட்டர், அலுவலக நிர்வாகம் என்றால் பெரும்பாலான தளங்களில் வேலை உண்டு. சேரும் முன்பே எந்த வேலை எந்த ஊர்களில் இருக்கிறது என்று பாருங்கள். ரெக்ரூட்டர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். அவர் வாயால் சொல்லும் வாக்குறுதிக்கும் மதிப்பில்லை. நீங்கள் கையெழுத்துப் போடும் டி.டி. 4 ஒப்பந்தமே, இதிலும் இதன் இணைப்புகளிலும் எழுதப்படாத எந்த வாக்குறுதியும் செல்லாது என்று சொல்கிறது.

எதிர்வாதத்துக்கு வருவோம். 'தெரிந்துதானே சேர்ந்தார்கள்' என்பது சோம்பேறி வாதம், தாண்டிப் போகலாம். வலுவான வாதம் இன்னொன்று உண்டு: தம்பதிக்கு நல்ல ஊர் கொடுத்தால், கல்யாணம் ஆகாத சிப்பாய் அவர்கள் போகாத பாலைவனத்துக்குப் போக வேண்டும், அது நியாயமா? நியாயமான கேள்வி. ஆனால் படையில் இல்லாத பெண்ணைக் கட்டிய சிப்பாய்க்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். குடும்பத்தோடு போகக்கூடிய ஊருக்கு மாற்றினால், மனைவி, பிள்ளை, கட்டில், பீரோ எல்லாம் அரசுச் செலவில் கூடவே போகும். அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. குடும்பம் ஒரே ஊரில் இருக்க வேண்டும் என்பதைப் படையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மனைவியும் சீருடை போட்டால் மட்டும் அது எப்படிச் சலுகையாக மாறுகிறது? நல்ல ஊர் வேண்டாம். மோசமான ஊராகவே இருக்கட்டும், இருவருக்கும் ஒரே மோசமான ஊர்.

இது ஏன் பெண்களின் பிரச்சினை என்று கேட்டால், கணக்கைப் பாருங்கள். பணியில் உள்ள பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இன்னொரு படைவீரரைத் திருமணம் செய்தவர். ஆண்களில் அது இருபத்தைந்தில் ஒருவர் அளவுதான். ஒரே விதி, ஆனால் அடி விழுவது பெண்கள் பக்கம் ஐந்து மடங்கு. அமெரிக்க காங்கிரஸுக்காகத் தணிக்கை செய்யும் ஜி.ஏ.ஓ. 2020-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, பெண்கள் படையை விட்டு விலகும் வாய்ப்பு ஆண்களைவிட 28 சதவீதம் அதிகம். காரணங்களில் குடும்பத் திட்டமிடலும், பிள்ளை பராமரிப்பும், பணிக்காக வெளியே அனுப்பப்படுவதும் உண்டு. 'வேலையை விடு' என்று எந்த ஆர்டரிலும் எழுதியிருக்காது. பிரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும், மீதியை அத்தை பார்த்துக்கொள்வார்.

நம் வீடுகளுக்கென்று இரண்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று கல்யாணத் தேதி. நிச்சயதார்த்தம் முடிந்தது, தையில் முகூர்த்தம், அதுவரை பொறு என்பார்கள். படைக்கு நிச்சயதார்த்தம் என்று ஒன்று கிடையாது. திருமணச் சான்றிதழ் கையில் இருக்கும் நாளிலிருந்துதான் நீங்கள் ஜோடி. கவுன்ட்டி அலுவலகத்தில் லைசென்ஸ் வாங்காமல் கோயிலில் தாலி கட்டினாலும் அதை வைத்துப் பதிய முடியாது. முதலில் ரெஜிஸ்டர் செய்யுங்கள், மேளதாளத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம். ஐயர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று குழந்தை. இருவரும் படையில் இருந்தால், ஒரே நேரத்தில் அனுப்பப்பட்டால் பிள்ளையை யார் பார்ப்பார் என்று 'குடும்பப் பராமரிப்புத் திட்டம்' எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் வேலையை விட்டே அனுப்பலாம். நம்மவர்கள் உடனே "அம்மா ஊரிலிருந்து வந்து பார்த்துக்குவாங்க" என்பார்கள். விசிட்டர் விசாவில் வரும் அம்மாவுக்கு வழக்கமாக ஆறு மாதம்தான் தங்க அனுமதி. ஒன்பது மாதப் பணிக்கு அது எப்படிப் போதும்? அந்தத் தாளில் எழுத இங்கேயே இருக்கும் ஒருவரின் பெயர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம். உங்கள் அக்கா கேட்டால், யோசித்துவிட்டுச் சரி என்று சொல்லுங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டீர்ஸில் திருமணம் ஏறிய அன்றே, எந்தப் படையாக இருந்தாலும், இருவரும் தாமாகவே ஜோடிப் பட்டியலில் சேர வேண்டும், வேண்டாம் என்பவர் படிவம் நிரப்பட்டும். பிரித்துப் போடுவதாக இருந்தால் ஏன் என்று ஒரு அதிகாரி எழுத்தில் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். 'படையின் தேவை' என்ற இரண்டு சொல் காரணம் ஆகாது. எந்த வேலைக்கு, எந்த ஊரில், ஏன் இவர்தான் வேண்டும் என்று எழுதட்டும். எழுத வேண்டும் என்றாலே பாதி ஆர்டர்கள் மறுபடி யோசிக்கப்படும் என்பது என் ஊகம்.

படையில் இருப்பவர் தன் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதுவதைத் தடுக்கவோ, எழுதியதற்காகப் பழிவாங்கவோ கூடாது என்று சட்டமே இருக்கிறது. படைக்கு வெளியே இருக்கும் நமக்கு அந்தப் பயமும் கிடையாது. உங்கள் தொகுதி உறுப்பினரின் தளத்தில் ஒரு படிவம் இருக்கும், நிரப்பப் பத்து நிமிடம் ஆகும். அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்கு முன்னால் அதை முடித்துவிடுங்கள்.