வளைவதும் ஒடிவதும்

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது தமிழரிடையே வழங்கும் பழமொழி. இதனையே சான்றாக்கி, அகதிச் சிறுவர் எந்நாட்டிலும் எளிதில் ஒன்றிவிடுவர், அவர் பொருட்டுக் கவலை வேண்டா என்று கூறுவார் உளர். இளங்கொம்பு வளையும் என்பது மெய்யே. ஆயினும், வளைவது வேறு, ஒடிவது வேறு.

மியன்மாரின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ரோஹிங்கியா மக்களுள் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 2017 ஆகஸ்டில் ரக்கைன் மாநிலத்தில் மூண்ட கொடுமைக்குத் தப்பி, 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்காளதேசம் புகுந்தனர். கடல் கடந்து மலேசியா வந்தோரும் பலர். அவர்தம் பிள்ளைகள் சந்தையிலும் தெருவிலும் மலாய் பேசக் கற்றுக்கொள்கின்றனர். கேட்போர், ‘ஒன்றிவிட்டனர்’ என மகிழ்கின்றனர். நா பழகிற்று, நெஞ்சு பழகிற்றா?

மருத்துவமனையில் தாயின் நோயை எடுத்துரைப்பவன் பன்னிரண்டு வயது மகன். வீட்டு வாடகைக்குத் தவணை கேட்பவனும் அவனே. மகன் தந்தையின் இடத்தில் நிற்கிறான். தந்தை தன் மதிப்பு குன்றக் காண்கிறான். வெளியே காவலரைக் கண்டால் நடுக்கம். வீட்டிலோ, ‘நம் வழக்கத்தை மறந்தாயா?’ என்னும் கண்டனம். உறக்கமின்மை, தலைவலி, திடீர்ச் சினம், நெடுமௌனம் ஆகியவை இந்நெருக்கடியின் அறிகுறிகளாகலாம். இவற்றை முரட்டுத்தனம் என்றும் சோம்பல் என்றும் தள்ளுவது அறியாமை.

‘பண்டு கண்ட கொடுமையே காரணம், மறந்தால் தீரும்’ என்பது மற்றொரு வாதம். இது பாதி உண்மையே. அகதிகளின் மனநலம் பற்றிய 59 ஒப்பீடுகளைத் தொகுத்து, மேத்யூ போர்ட்டரும் நிக் ஹாஸ்லமும் 2005இல் ஆய்வு வெளியிட்டனர். நிலையான இருப்பிடமும் பிழைக்கும் வழியும் பெற்றோரின் மனநலம் மேம்பட்டிருந்ததை அது காட்டிற்று. துயரின் வேர், விட்டு வந்த மண்ணில் மட்டுமன்றி வந்து சேர்ந்த மண்ணிலும் ஓடுகிறது.

மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. அகதிப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளிகளில் நெடுங்காலமாக இடம் இருந்ததில்லை. கடைவீட்டு மாடிகளிலும் வாடகை அறைகளிலும் நடக்கும் கற்றல் நிலையங்களே அவர்க்குப் பள்ளி. ‘சொந்தப் பிள்ளைகளுக்கே வசதி போதவில்லை’ என்பார் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கதவை மூடினும் அப்பிள்ளைகள் இங்கேதான் வளர்கின்றனர். எழுத்தறிந்து வளர்வதா, அஞ்சி வளர்வதா என்பதே வினா. நாளை இன்னதென்று அறியாதவனை நேற்றை மறக்கச் சொல்வது எவ்வகை நீதி?

இரப்பர்த் தோட்டத்துப் பள்ளிகளில் கற்றோரின் வழிவந்த தமிழாசிரியர்க்கு இவ்வுண்மை புதிதன்று. அத்தோட்டத்துப் பிள்ளைகள் தாய்மொழியை உதறாமலே மலாயும் ஆங்கிலமும் கற்றனர், இம்மண்ணில் வேரூன்றினர். ஒன்றுதல் என்பது தன்னை இழத்தல் அன்று. அதற்குப் பள்ளி வேண்டும். தாய்மொழிக்கு மதிப்பு வேண்டும். அச்சமற்ற உறக்கம் வேண்டும். இவற்றை மறுத்துவிட்டு, கொம்பு வளையவில்லையே எனக் குறை கூறுவோர், அதனை ஒடிப்பவர் யார் என்பதையும் கூறட்டும்.