ஸ்கின் போடுவதில் என்ன வெட்கம்?

யாழ்ப்பாணத்து வெயிலில் இருந்துகொண்டு ஸ்கீ பற்றி எழுதினால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரியுங்கோ. போன வருஷம் ஒரு பரிமாற்றத் திட்டத்தில் ஒஸ்லோ போய் ஐந்து மாதம் படித்தேன். ஈஸ்டர் லீவில் மலையில் நடந்த ஒரு சின்ன விஷயம் இன்னும் மண்டைக்குள் நிற்கிறது. அதைப் பற்றித்தான் கதைக்கப்போகிறேன்.

லிஃப்டில் ஏறி, கீழே வழுக்கி வருகிற ஸ்கீயைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நான் சொல்வது அது இல்லை. ஒடுக்கமான, நீளமான ஸ்கீயில் சப்பாத்தின் முன்பக்கத்தை மட்டும் பூட்டி, குதியைத் தூக்கித் தூக்கி, மேடு பள்ளமெல்லாம் நாள் முழுக்கப் போகிற பயணம். இதில் ஒரு சிக்கல் இருக்கு. ஸ்கீ முன்னுக்கு வழுக்கவும் வேணும், காலால் உதைக்கும்போது பின்னுக்கு வழுக்காமல் பிடிக்கவும் வேணும். அதற்காக ஸ்கீயின் நடுப்பகுதி வில் மாதிரி மேலே வளைந்திருக்கும். முழுப் பாரத்தையும் ஒரு காலில் போட்டு அமத்தினால்தான் நடு வடிவாகப் பனியில் படும். அந்த நடுவில் என்ன இருக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கு.

ஒன்று வக்ஸ். பனித்துகளின் கூர் அந்த மெழுகுக்குள் குத்திப் பிடிக்கும். கடுங்குளிருக்கு ஒரு நிறம், இளஞ்சூட்டுக்கு வேறொரு நிறம். பனி உருகித் திரும்ப உறைந்திருந்தால் கிளிஸ்டர் என்று பலாப்பால் மாதிரி ஒட்டுகிற ஒரு பசை. இரண்டாவது, அடியில் மீன்செதில் மாதிரி வெட்டின ஸ்கீ. பூச்சு தேவையில்லை, ஆனால் ஐஸில் வழுக்கும். மூன்றாவதுதான் கிக்கர் ஸ்கின். ஸ்கீயின் நடுவில் மட்டும் மாட்டுகிற குட்டைப் பட்டி. மோஹேர் என்கிற ஆட்டுமயிரிலோ நைலோனிலோ செய்திருப்பார்கள். மயிர் எல்லாம் பின்பக்கம் சாய்ந்திருக்கும். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவிப் பாருங்கோ, பிறகு வாலிலிருந்து தலைக்குத் தடவிப் பாருங்கோ. விளங்கும்.

நாங்கள் போனது ஃபின்சே என்ற இடத்துக்கு. ஒஸ்லோவிலிருந்து பேர்கன் போகும் ரயில் பாதையில் 1,222 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஸ்டேஷன். றோட்டே இல்லை, ரயிலில்தான் போகலாம். மாமாவின் மகள், அதாவது என்ர மச்சாள், அவளோட படிக்கிற இரண்டு நோர்வேக்காரப் பெடியள், நான். எனக்கு வாடகைக்கு எடுத்தது செதில் ஸ்கீ, கூடவே ஒரு சோடி கிக்கர் ஸ்கின். மற்ற மூன்று பேரும் வக்ஸ்.

காலையில் மைனஸ் ஆறு. நீல வக்ஸ் அருமையாகப் பிடித்தது. அவர்கள் பறந்தார்கள், நான் பின்னால் விழுந்தெழும்பி வந்தேன். மத்தியானம் வெயில் ஏறினது. பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் வக்ஸுக்குக் கெட்ட காலம். வெயில் பட்ட பக்கம் ஈரப்பனி ஸ்கீயின் அடியில் கட்டி கட்டியாக ஒட்டினது, நிழல் பக்கம் ஒரே ஐஸ். சுரண்டினார்கள், வேறு நிறம் பூசினார்கள், திரும்பச் சுரண்டினார்கள். ஏறும்போது வேர்த்த உடம்பு, காற்றில் நின்று நின்று விறைக்கத் தொடங்கியது. நான் செதில் பிடிக்காத முதல் ஏற்றத்திலேயே ஸ்கின்னை மாட்டிவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை. பிறகு ஆமை வேகத்தில் ஏறினேன், ஆனால் ஏறினேன்.

பிறகுதான் தெரிந்தது, மச்சாளின் பையின் அடியிலும் ஒரு சோடி கிடந்திருக்கு. "ஏன் போடேல்லை?" என்று கேட்டேன். "அவங்கள் என்ன நினைப்பாங்கள்? உது பழகுற ஆக்களுக்கு" என்றாள்.

நோர்வேக்காரர் காலில் ஸ்கீயோடு பிறக்கிறவர்கள் என்று அங்கே ஒரு பேச்சு இருக்கு. பகிடியாகத்தான் சொல்வார்கள். ஆனால் அங்கேயே பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அது பகிடி இல்லை. கைகால் விறைத்தாலும் வக்ஸிலேயே நின்று தன்னை நிரூபிக்க வேண்டிய ஒரு சோதனை. அந்தப் பெடியள் ஒருவரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதுதான் எனக்குக் கவலை.

என்ர கருத்து இதுதான்: கஷ்டமான பனியில் ஸ்கின் போடுவது திறமைக் குறைவு இல்லை, அது ஒரு தீர்மானம். பின்னுக்கு வழுக்குகிற ஒவ்வொரு அடியையும் கையால் ஊன்றித்தான் ஈடுகட்ட வேணும். களைத்தவன்தான் பிழையான முடிவு எடுப்பான். நோர்வேயின் மலை விதிகள் ஒன்பது. அதில் நேரத்துக்குத் திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிற கருத்தில் ஒரு விதி இருக்கு. திரும்புவதிலேயே வெட்கம் இல்லை என்றால் ஒரு துண்டு ஸ்கின்னில் என்ன வெட்கம்? எங்கட ஊரில் தளைநார் போட்டுப் பனை ஏறுகிறவரைப் பார்த்து, இவருக்கு ஏறத் தெரியாது என்று யாரும் சொல்வதில்லையே.

ஸ்கின்தான் எல்லாத்துக்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. குளிர்ந்த, ஒரே சீரான பனியில் நல்ல வக்ஸுக்குக் கிட்டவும் வராது. இறக்கத்தில் இழுத்துப் பிடிக்கும், கழற்ற வேணும். ஈரப்பனியில் நனைந்து பிறகு குளிர்ப்பனிக்குப் போனால் அதிலேயே ஐஸ் கட்டும். அதனால் மயிரில் முதலே வழுக்கு மெழுகு தேய்க்க வேணும், கழற்றினால் ஜக்கெட்டுக்குள் வைக்க வேணும். செங்குத்தான ஏற்றத்துக்கு முழுநீள ஸ்கின்தான் சரி. முக்கியமாக, பிடிக்கிறது என்பதற்காகக் கண்ட சரிவிலும் ஏறக்கூடாது. 30 பாகையைத் தாண்டின சரிவில் பனிச்சரிவு வரலாம். ஸ்கின் காலைத்தான் பிடிக்கும், மலையைப் பிடிக்காது.

கடைசியில் மச்சாள் போட்டாள். அடுத்த ஏற்றத்தில் அந்தப் பெடியளில் ஒருவன் "இன்னொரு சோடி இருக்கா?" என்று கேட்டான். இருக்கவில்லை. நாலு பேரும் பாதையைக் குறைத்து, வெளிச்சம் இருக்கும்போதே ஸ்டேஷனுக்குத் திரும்பினோம்.

மாமா 80களின் கடைசியில் அங்கத்த மக்கள் உயர்பாடசாலை ஒன்றுக்குப் படிக்கப் போனவர். பிறகு வடக்கே ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் வேலை. முதல் பனிக்காலத்தில் ஸ்கீயில் பின்னுக்கு வழுக்கி எல்லாருக்கும் முன்னால் விழுந்தவராம். "உது எங்களுக்குச் சரிவராது" என்று விட்டவர்தான், முப்பது வருஷத்துக்கு மேலாகத் தொடவே இல்லை.

நாங்கள் வீட்டுக்கு வந்து ஸ்கின்னைக் காயப் போட்டிருந்தோம். மாமா அதை எடுத்து ஒருபக்கம் தடவினார், மற்றப் பக்கம் தடவினார்.

"உது அப்பவே இருந்ததோ பிள்ளை?"

"இருந்ததப்பா. முந்தி இங்க சீல் தோல் போட்டவை. அல்தாய் மலைச் சனம் இப்பவும் குதிரைத்தோல் போடுதுகள்."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே" என்றார்.