ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பது பழமொழி. கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இதை நினைவூட்ட ஒரு கோயிலே உண்டு. கூடலூருக்கு மேலே மலையுச்சியில், சித்திரைப் பௌர்ணமியன்று மக்கள் திரளும் கண்ணகி கோயில்தான் அது. பாண்டியன் கொடியவன் அல்லன். அரண்மனைப் பொற்கொல்லன் பொய் சொல்ல மாட்டான் என்று நம்பினான். வெளியூரானாகிய கோவலனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓர் உயிர் போயிற்று.

‘சட்டத்தின் முன் அனைவரும் சமம்’ என்று இன்று நாம் பாடத்தில் படிக்கிறோம். ஆயினும் அந்தப் பழைய தவறு நம் காலத்து நீதிமன்றங்களிலும் தலைகாட்டியிருக்கிறது என்பதற்கு இரு வழக்குகள் சான்று.

முதலாவது, கீழ்வெண்மணி. நாகப்பட்டினத்தை அடுத்த இச்சிற்றூரில் கூலி நெல்லைச் சற்று உயர்த்திக் கேட்ட தாழ்த்தப்பட்ட மக்கள் 44 பேர், 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உலகமே பாலன் பிறப்பைக் கொண்டாடிய இரவு அது! 1970-இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் நிலக்கிழார்களுக்குத் தண்டனை விதித்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்று அத்தீர்ப்பு கூறியது.

இரண்டாவது, தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடி வந்த வனத்துறையினரும் காவல்துறையினரும் மலைவாழ் மக்களை அடித்து, வீடுகளைச் சூறையாடினர். 18 பெண்களுக்கு நேர்ந்த கொடுமை சொல்லத் தகாதது. இங்கும் முதலில் உயர்நீதிமன்றம், பொறுப்புள்ள அதிகாரிகள் இப்படிச் செய்வார்களா என்று மனுவைத் தள்ளியது. ஆனால் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி அவ்வூருக்கே சென்று, மக்களைக் கேட்டு, உண்மையை எழுதினார். பின்னர் மத்திய புலனாய்வுத்துறை விசாரித்தது. 269 பேர் மீது வழக்கு நடந்தது. அதற்குள் 54 பேர் இறந்தனர். எஞ்சிய 215 பேரும் 2011-இல் தண்டனை பெற்றனர். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகனும் அந்த ஊருக்கு நேரில் சென்றார். 2023-இல் தண்டனையை உறுதி செய்தார்.

இரு வழக்குகளிலும் தொடக்கத்தில் தடையாய் நின்றது ஒன்றே: ‘பெரிய மனிதர் தவறு செய்யார்’ என்ற எண்ணம். வாச்சாத்தியில் அது உடைந்ததற்குக் காரணம், சிலர் நேரில் சென்று எளியவரின் சொல்லைக் கேட்டதே என்பது எங்கள் கருத்து. அதற்கும் 19 ஆண்டுகள் ஆயின என்பது வேதனைக்குரியது.

தோழியரே, நாம் நீதிபதிகள் அல்லோம். ஆயினும் வகுப்பில் ஒரு பேனா காணாமற்போனால் நம் கண் முதலில் யார் பக்கம் திரும்புகிறது? கிழிந்த பையுடன் வருபவள் பக்கமா, காரில் வந்து இறங்குபவள் பக்கமா? விசாரிக்குமுன்பே தீர்ப்பு எழுதும் வழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. அங்கேயே அதை நிறுத்துவோம். முதலில் கேட்போம், பிறகு நம்புவோம்.