ஓட்டின் மூச்சை அடைக்காதீர்கள்

குருநகரில் பெற்றோரின் பழைய ஓட்டு வீட்டைத் திருத்தப் பணம் அனுப்பும் புலம்பெயர்ந்த அன்பர்களே, வெக்கை தணியட்டும் என்று ஓட்டின் அடியில் ரெஜிபோம் தகட்டை இடைவெளியின்றி ஒட்டி, இறவாரத்தையும் சீமெந்தால் அடைப்பதை நான் கண்டிக்கிறேன். அறை குளிரும், மறுக்கவில்லை. ஆனால் மாரியில் ஓட்டிடுக்கால் கசியும் நீரும் கடற்காற்றின் ஈரமும் காய வழியேது? நான் ஏறிப் பார்த்த கூரையொன்றில் கைமரம் உக்கியிருந்தது, சிலாகையெங்கும் பூஞ்சணம்.

நீங்கள் வாழும் இங்கிலாந்திலேயே, காற்றோட்டமுள்ள சரிவுக் கூரைகளில் வெப்பத்தடுப்புக்கு மேலே 50 மில்லிமீற்றர் வெளி விடுகிறார்கள். முதலில் ஒழுக்கை நிறுத்துங்கள். ஓட்டுக்கும் தகட்டுக்கும் இடையே இரண்டு அங்குலம் விடுங்கள். இறவாரத்திலும் முகட்டிலும் வலையிட்ட திறப்பு வையுங்கள். போருக்குத் தப்பி நின்ற கூரையை நம் அவசரம் உக்க வைக்கலாமா?