வெலிங்டனில் சொல்லித்தர வேண்டிய பாடம்

2021 டிசம்பர் 8-ம் தேதி நீலகிரி மலை ரயில் பாதையில் காட்டேரி அருகே நின்றிருந்த சிலர், தாழ்வாக வந்த ராணுவ ஹெலிகாப்டர் ஒன்றைக் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். சில விநாடிகள்தான். ஹெலிகாப்டர் மூடுபனிக்குள் மறைந்தது. பிறகு சப்தம் மட்டும் கேட்டது. முப்படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவருடைய மனைவி உள்பட அதில் இருந்த 14 பேரும் மாண்டனர். 13 பேர் அன்றே. குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி 15-ம் தேதி உயிர் துறந்தார்.

சூலூரிலிருந்து 11.48-க்குக் கிளம்பி 12.15-க்கு இறங்கியிருக்க வேண்டிய பயணம். 12.08 சுமாருக்குத் தொடர்பு அறுந்தது. ஜெனரல் சென்றுகொண்டிருந்த இடம் வெலிங்டனில் உள்ள ஸ்டாஃப் காலேஜ். அங்கே பயிலும் அதிகாரிகளிடையே உரையாற்றவே அவர் வந்தார். பிரிவினைக்கு முன் குவெட்டாவில் இருந்து, பின்னர் வெலிங்டனுக்கு வந்த கல்லூரி அது. முப்படைகளிலும் நடுத்தரப் பதவிக்கு உயர்ந்துவிட்ட அதிகாரிகள், வெளிநாட்டு அதிகாரிகள் சிலரோடு ஏறக்குறைய ஓராண்டு தங்கிப் படிக்கிறார்கள். முடித்தவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் முதுகலைப் பட்டம் வழங்குகிறது. துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொள்ள யாரும் அங்கே போவதில்லை. அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு, உரிய நேரத்தில், பிறர் உயிரைப் பணயமாகக் கொண்ட முடிவுகளை எப்படி எடுப்பது என்பதே அங்குள்ள படிப்பின் சாரம்.

விபத்து பற்றிய முப்படை விசாரணையின் முடிவு 2022 ஜனவரியில் வெளியாயிற்று. இயந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை, அலட்சியமும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது. விமானிக்குத் திசையும் நிலையும் தடுமாறின. நல்ல நிலையில், கட்டுப்பாட்டில் இருந்த ஹெலிகாப்டரே தரையில் மோதியது என்றார்கள். 2024 டிசம்பரில் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையில் அதே விபத்துக்கு நேரே 'மனிதத் தவறு' என்று ஒரு வரி இருந்தது. 2017 முதல் 2022 வரை விமானப்படை சந்தித்த 34 விபத்துகளில் அதுவும் ஒன்றாகப் பட்டியலில் அடங்கிவிட்டது.

முதலாவது அலட்சியம் இல்லை என்கிறது. இரண்டாவது தவறு என்கிறது. முரண்பாடு போலத் தோன்றினாலும் முரண்பாடு இல்லை. மேகத்துக்குள் போனவுடன் கண்ணுக்கு அடிவானம் தெரியாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உணர்வோ பொய் சொல்லும். சாய்ந்து பறப்பவன் நேராகப் பறப்பதாக நம்புவான். கை தேர்ந்த விமானிக்கும் இது நேரும். ஆகவே முடிவெடுக்க வேண்டிய தருணம் மேகத்துக்குள் இல்லை. அதற்கு இரண்டு மூன்று நிமிடங்களுக்கு முன்னால் இருக்கிறது. 'போக வேண்டாம், திரும்புவோம்' என்று சொல்ல வேண்டிய தருணம் அது.

ரயில்வேயில் பணிபுரியும் நம் வாசகர்களுக்கு இது எளிதில் விளங்கும். வண்டியில் ஜெனரல் மானேஜரே இருந்தாலும் சிவப்பு விளக்கைத் தாண்ட டிரைவருக்கு அதிகாரம் கிடையாது. தாண்டச் சொல்லும் துணிவு ஜி.எம்.முக்கும் வராது. அந்த ஒழுங்கு ஒரே நாளில் வந்ததல்ல. எத்தனையோ விபத்துகளுக்குப் பிறகு எழுதப்பட்ட விதி. விமானத்திலும், ஏறியிருப்பவரின் பதவி எதுவானாலும், விமானத் தலைவனின் சொல்லே முடிவு என்பதுதான் விதி. ஆனால் மலையில் மேகத்துக்குச் சிக்னல் கம்பம் இல்லை. எது சிவப்பு என்பதை விமானியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அன்று யாராவது அவரை நெருக்கினார்கள் என்று விசாரணை சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. பின்னால் பெரிய மனிதர் உட்கார்ந்திருக்க, கீழே விருந்தினருக்காக அரங்கம் காத்திருக்க, யாரும் வாய் திறக்காமலே ஒரு நெருக்கடி உண்டாகிவிடும் என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம். மேட்டுப்பாளையம் வழியாகக் காரில் ஏறியிருந்தால் சில மணி நேரம்தான்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று செங்கல், பாறசாலைப் பக்கத்து வாசகர் கேட்கலாம். 1984 முதல் விமானப்படையின் தென்மண்டலத் தலைமையகம் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் காலம் வந்தால் விடிகாலையில் நம் தெருக்களில் ஓடும் பையன்களை யார் பார்க்கவில்லை? தினக்கூலிக்காரர் மகனும் ஓடுகிறான், குமாஸ்தா மகனும் ஓடுகிறான். அந்த ஹெலிகாப்டரில் இறந்த ஏ. பிரதீப் திருச்சூர் மாவட்டத்துக்காரர். 2018 வெள்ளத்தில் மலையாள மக்களைக் காப்பாற்றப் பறந்தவர். மேலே இருக்கும் அதிகாரி எடுக்கும் முடிவில் ஏறிப் போகிறவர்கள் இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்.

விமானப்படைக்கு உண்மையை ஒப்புக்கொள்ளத் தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. 2019 பிப்ரவரி 27-ம் தேதி காஷ்மீரில் புத்காம் அருகே ஒரு ஹெலிகாப்டர் விழுந்து, படையினர் 6 பேரும் கீழே இருந்த சிவிலியன் ஒருவரும் இறந்தனர். வீழ்த்தியது நம்முடைய ஏவுகணையே. வருவது நம்முடையதா, பகைவருடையதா என்று தரையில் இருந்தவர்கள் சில நிமிடங்களுக்குள் முடிவு செய்ய வேண்டியிருந்த போர்ச்சூழல் அது. அந்த அக்டோபரில் அப்போதைய விமானப்படைத் தளபதி பதௌரியா, அது நம்முடைய பெரிய தவறு என்று பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டார். அதனால் படையின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

குன்னூரில் ஏன் ஒரு வரியோடு நிறுத்த வேண்டும்? வருண் சிங் அந்தக் கல்லூரியிலேயே அதிகாரிகளுக்குப் பயிற்சி அளித்தவர். 2020 அக்டோபரில் தேஜஸ் விமானம் நடுவானில் கட்டுப்பாடு இழந்தபோது, குதித்துத் தப்ப வழியிருந்தும், நிதானமாக யோசித்து அதைப் பத்திரமாக இறக்கிச் சௌரிய சக்ரா பெற்றவர். சுமாராகப் படிக்கும் மாணவர்கள் மனம் தளர வேண்டாம் என்று தாம் படித்த பள்ளிக்குக் கடிதம் எழுதியவரும் அவரே. முடிவெடுப்பதைக் கற்பித்த ஆசிரியர் ஒருவரே பலியான விபத்தைக் காட்டிலும் பொருத்தமான பாடம் அந்த வகுப்புக்கு வேறு என்ன இருக்கிறது?

பாதுகாப்பு அமைச்சகம் ரகசியம் என்று கருதும் பகுதிகளை நீக்கிவிட்டு மீதி அறிக்கையை வெளியிடட்டும். கிளம்புமுன் என்ன வானிலைத் தகவல் கிடைத்தது, எந்த இடத்தில் திரும்பியிருக்கலாம், திரும்ப இடம் இருந்ததா என்பவை ராணுவ ரகசியங்கள் ஆகமாட்டா. விமானிகளுக்கு மட்டுமின்றி, நாளை பின்இருக்கையில் அமரப்போகும் ஜெனரல்களுக்கும் அது பாடமாக வைக்கப்பட வேண்டும். அன்று தீயைப் பார்த்து வீட்டுப் போர்வைகளையும் தண்ணீர்க் குடங்களையும் தூக்கிக்கொண்டு ஓடிய நஞ்சப்பசத்திரத்து மக்களுக்கும் அந்த விவரம் தெரிய உரிமை உண்டு.